நாவல் 61 காப்பி, படம் அடுத்த வெள்ளி ரிலீஸ்: பேட்டில எதைப்பத்தி பேசறது?

தீப்பெட்டிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நான் கோவில்பட்டி பக்கம், பதினோரு வருஷமா வடபழனில குப்பை கொட்டுறேன். நாலு படத்துல வசனத்துல உதவின்னு பேரே வராம வேலை பாத்து இப்பதான் ஒரு படத்துல 'கூடுதல் வசனம்'னு டைட்டில்ல பேர் வருது, படம் அடுத்த வெள்ளி ரிலீஸ். இதுக்கு நடுவுல ஏழு வருஷமா எழுதி எழுதி கிழிச்ச ஒரு நாவல் போன ஜனவரில நந்தனம் புத்தகக் கண்காட்சிக்கு வந்துச்சு. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்த பொம்பளைங்க கதை, எங்க அம்மா வேலை பாத்த இடம், அதான் பேரும் இப்படி வச்சிருக்கேன். சின்ன பதிப்பகம், 200 காப்பி போட்டாங்க. இன்னிக்கு தேதிக்கு வித்தது 61. அதுல ஒரு நாப்பது பேர எனக்கு மூஞ்சி தெரியும், பாதி பேரு என்கிட்ட கடன் வாங்குனவங்க.

பதிப்பகத்துல கேட்டா 'சார் நீங்கதான் ஃபேஸ்புக்ல தள்ளணும், இப்பல்லாம் எழுத்தாளர்தான் விக்கணும்'ங்கிறாங்க. எனக்கு அது வரவே மாட்டேங்குது. ஒரு போஸ்ட் டைப் பண்ணி அரை மணி நேரம் வச்சிருந்து அழிச்சிடுறேன். அடுத்தவன் படத்துக்கு பஞ்ச் டயலாக் கேட்டா ராவோட ராவா முப்பது எழுதிக் குடுப்பேன், என் புக்கப் பத்தி ரெண்டு வரி எழுதச் சொன்னா கை நடுங்குது, இது என்ன வியாதின்னே தெரியல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். படத்தோட பிஆர்ஓ, அதான் விளம்பரத்தப் பாத்துக்கிறவரு, போன் பண்ணி மூணு யூட்யூப் சேனல்ல பேட்டி இருக்கு, டைரக்டரும் நீங்களும் உக்காரணும்னாரு. சந்தோஷம்தான. ஆனா டைரக்டர் கூப்பிட்டு 'தம்பி, படத்தப் பத்தி மட்டும் பேசு, உன் புக்க உள்ள இழுத்துட்டு வராத, ஃபோகஸ் போயிடும்'னு சொல்லிட்டாரு. அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கு, காசு போட்டது தயாரிப்பாளரு. ஆனா எனக்கு கேமரா முன்னாடி உக்கார இதவிட்டா எப்ப சான்ஸ் வரும்? என் புக்கப் பத்தி ஒரு வரி சொன்னா தப்பா? இன்னொண்ணு, ஒரு ஹால் புடிச்சு வெளியீட்டு விழா மாதிரி வைக்கலாமான்னு ஒரு நண்பர் சொல்றாரு, கையில இருபதாயிரம் இருக்கு, வைக்கலாமா? இதுல இருக்கவங்க யாராச்சும் சொல்லுங்க.

ஃபாரம்பதினாறு:

தம்பி, நான் சின்னதா பதிப்பகம் நடத்துறவ, பன்னெண்டு வருஷம் ஆச்சு, வீட்ல ஒரு ரூமு பூரா புக்குதான், வீட்டுக்காரர் கட்டில ஹாலுக்கு மாத்திட்டாரு. மொதல்ல 61க்கு வெக்கப்படாதீங்க. நாலு மாசத்துல 61, அதுவும் மொத நாவல், எங்ககிட்ட வர்ற மொத நாவல்கள்ல இது நடுத்தரத்துக்கு மேல. அந்தக் காலத்துல 1200 காப்பி அடிப்பாங்க, ஏன்னா லைப்ரரி ஆர்டர் வரும்னு ஒரு நம்பிக்கை. அது எப்ப வரும், வந்தா காசு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாம போனப்பறம் எங்கள மாதிரி ஆளுங்க நூறு எரநூறுன்னு தேவைக்கு அடிக்க ஆரம்பிச்சோம். காப்பிக்கு காப்பி செலவு கூடத்தான், ஆனா குடோன் வேணாம் பாருங்க.

கணக்க சொல்றேன், எங்க கணக்கு, உங்க பதிப்பகத்துல வேற மாதிரி இருக்கலாம். 300 ரூபா புக்குன்னு வைங்க. எரநூறு காப்பி அடிச்சா ஒரு காப்பிக்கு 110, 120 ஆகுது. கடைக்கு குடுத்தா 35லேருந்து 40 சதவீதம் அவங்களுக்கு. கண்காட்சில நம்ம ஸ்டால்னா வாசகருக்கு 10 சதவீதம் கழிவு, அப்பறம் ஸ்டால் வாடகை, ஆளுக்கு சாப்பாடு, மழை பேஞ்சா தார்பாய். உங்களுக்கு 10 சதவீதம் ராயல்டின்னா காப்பிக்கு 30 ரூபா. 61 காப்பிக்கு 1830 ரூபா. இதுக்கு இருபதாயிரம் போட்டு ஹால் புடிக்கணுமான்னு நீங்களே சொல்லுங்க.

விழா வேணாம்னு நான் ஒரேடியா சொல்லல. ஆனா நான் பாத்த விழாக்கள்ல மேடைல எட்டு பேரு, கீழ முப்பது பேரு, அந்த முப்பதுல பத்து பேரு மேடைல இருக்கவங்க கூட வந்தவங்க. ஆறு மணி விழா ஏழேகாலுக்கு ஆரம்பிக்கும், மூணாவது பேச்சாளர் தன்னோட சொந்த புக்கப் பத்தி பேசுவாரு, கடைசில நீங்க ஏற்புரைக்கு எந்திரிக்கும்போது ஹால்காரர் லைட்ட அணைக்க நிப்பாரு. புக்கு விக்கிறது ஏழோ எட்டோ.

விக்கிறது எது தெரியுமா, உங்களுக்கு அறிமுகமே இல்லாத ஒருத்தர் படிச்சுட்டு நாலு பத்தி எழுதறது. ஆஹா ஓஹோன்னு இருக்கணும்னு அவசியமே இல்ல, 'எங்க சித்தி இப்படித்தான் விரல்ல தீக்குச்சி மருந்து ஒட்டிக்கிட்டு வருவா'ன்னு அவங்க கதைய சேத்து எழுதுனா போதும், மறுநாள் எனக்கு ஆறு ஆர்டர் வரும். அதனால புக்க வாங்குன அந்த 21 பேரு, மூஞ்சி தெரியாதவங்க, அவங்கதான் உங்க சொத்து. யாருன்னு உங்க பதிப்பகத்துல கேளுங்க, ஆன்லைன்ல வாங்கியிருந்தா போன் நம்பர் இருக்கும்ல, அவங்க மூலமா ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. படிச்சீங்களான்னு கேட்டா போதும், எழுதுங்கன்னு கெஞ்ச வேணாம்.

ஒரே ஒரு கண்டிஷன். ஓசில குடுக்காதீங்க. யாருக்கும். ஓசில வாங்குனவன் படிச்சதா சரித்திரமே இல்ல. வீட்டு வாசல்ல வந்து கேட்டாலும் ஜிபே நம்பர் குடுங்க.

சும்மாஒருத்தன்:

அண்ணே எதுக்கு இவ்ளோ கஷ்டம், நாவல்ல ஏதாச்சும் ஒரு ஜாதிய பத்தி நாலு வரி இருக்கான்னு பாருங்க, நம்ம பயலுக நாலு பேர விட்டு புக்க கொளுத்தச் சொல்லலாம், மறுநாள் நேஷனல் நியூஸ் 😄😄

ஃபாரம்பதினாறு:

தம்பி இது ஜோக் இல்ல. பெருமாள்முருகனோட மாதொருபாகன் நாவல் 2010ல வந்த புக்கு, நாலு வருஷம் யாரும் ஒண்ணும் சொல்லல, 2014 கடைசில கொளுத்துனாங்க, 2015 ஜனவரில அந்த மனுஷன் ஃபேஸ்புக்ல எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு எழுதிட்டு ஊர விட்டே போனாரு. 2016 ஜூலைல ஹைகோர்ட் அவருக்கு சாதகமா தீர்ப்பு குடுக்கிற வரைக்கும் ஒன்றரை வருஷம். புக்கு வித்துச்சு, ஆமா. அந்த விலை குடுத்து விக்கணும்னு எந்த எழுத்தாளனாச்சும் கேப்பானா? அந்த வாரம் எங்க ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் பிரதி இருந்துச்சு, எழுதுன பையன் போன் பண்ணி 'அக்கா வேணாம், திருப்பிக் குடுத்துடுங்க'ன்னு வாங்கிட்டுப் போனான். அது இன்னிக்கு வரைக்கும் வரல.

சும்மாஒருத்தன்:

சாரிக்கா. வெளயாட்டா சொன்னேன்.

டபுள்கிரவுன்:

நான் சினிமா விளம்பரத்துல முப்பத்திநாலு வருஷம் இருந்து இப்ப சும்மா வீட்ல இருக்கேன். பேப்பர் விளம்பர டிசைன்ல ஆரம்பிச்சு, சிவகாசில போஸ்டர் அடிக்க லாரில போயி, கடைசில ஒரு பிஆர்ஓகிட்ட உதவியாளரா முடிஞ்சது. இந்த கேள்விய பாத்தவுடனே சிரிப்பு வந்துடுச்சு, ஏன்னா புக்குக்கும் படத்துக்கும் விளம்பரம் ஒரே வீட்ல பொறந்த ரெண்டு புள்ளைங்க. ஜெமினி ஸ்டுடியோ எஸ்.எஸ்.வாசன் யாரு? மொதல்ல விளம்பர ஏஜென்ட். 1928ல ஆனந்த விகடன வாங்குனாரு. அதுல அவர் எழுதுன தொடர்கதை சதி லீலாவதி, 1936ல படமாச்சு, எம்ஜிஆருக்கு அதுதான் மொத படம். அப்பறம் 1948ல சந்திரலேகா எடுத்துட்டு அத இந்திலயும் கொண்டுபோயி வடக்க பூரா விளம்பரத்தாலயே அடிச்சாரு. பத்திரிகைக்காரரே ஸ்டுடியோக்காரரு, ஸ்டுடியோக்காரரே விளம்பரக்காரரு. அவருகிட்ட போயி புக்கப் பத்தி பேசினா படத்தோட ஃபோகஸ் போயிடும்னு யாராச்சும் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

நம்ம ஊர்ல பிஆர்ஓன்னு ஒரு வேலையே கெடையாது அப்பல்லாம். 1958ல நாடோடி மன்னன் படத்துக்கு பிலிம் நியூஸ் ஆனந்தன் செஞ்சதுதான் மொதல். ஸ்டில்ஸ் எடுத்துக்கிட்டு போயி பத்திரிகை ஆபீஸ்ல ஒவ்வொருத்தரா குடுத்தாரு, அவ்வளவுதான் வேலை. அதுக்கு முன்னாடி என்ன இருந்துச்சுன்னா வண்டில தப்படிச்சுக்கிட்டு நோட்டீஸ் வீசுவாங்க, பொடிசுங்க பின்னாடியே ஓடும். அப்பறம் தியேட்டர் வாசல்ல பாட்டுப்புத்தகம். தம்பிக்கு ஞாபகம் இருக்காது, எங்க அப்பா பெட்டில அம்பது அறுபது இருந்துச்சு. உள்ள கதைச் சுருக்கம் போட்டிருப்பான், கதாநாயகி தனியா காட்டுல மாட்டுவா, வில்லன் வருவான், கத்திய தூக்குவான், அங்க நிறுத்தி 'மீதியை வெள்ளித்திரையில் காண்க'ன்னு முடிப்பான். எனக்கு தெரிஞ்சு விளம்பரத்துல இதுக்கு மேல ஒரு வரி எவனும் எழுதல. எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சவன் எழுதுனது.

இப்ப பேட்டிக்கு வருவோம். டைரக்டர் சொன்னத மீறாதீங்க, ஆனா மீறாமலே சொல்லலாம். யூட்யூப் பசங்க கேக்கப் போறது என்னன்னு நான் இப்பவே சொல்றேன்: ஹீரோ செட்ல எப்படி, கோவம் வருமா, அந்த ஹீரோயினுக்கும் அவருக்கும் என்ன, நீங்க எப்படி சினிமாக்கு வந்தீங்க. இந்த நாலாவது கேள்வி வரும் பாருங்க, அதுதான் உங்க கேள்வி. அதுக்கு எல்லாரும் 'சின்ன வயசுலேருந்தே சினிமான்னா உயிரு'ன்னு ஒரே பாட்ட பாடுவாங்க. நீங்க உங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸ்ல எத்தன குரோஸ் டப்பி (ஒரு குரோஸ்னா 144) ஒட்டுனாங்க, ராத்திரி அந்த கந்தக வாடையோட வந்து என்ன பேசுனாங்க, அந்தப் பேச்சுதான் எனக்கு வசனம்னு சொல்லுங்க. புக்கு பேரையே சொல்ல வேணாம். நிறுத்துங்க. பேட்டி எடுக்கிறவனுக்கு கொஞ்சம் மூள இருந்தா 'இத எழுதியிருக்கீங்களா'ன்னு அவனே கேப்பான். கேட்டா சொல்றதுல தப்பில்ல, டைரக்டரும் ஒண்ணும் சொல்ல முடியாது. கேக்கலன்னா உங்க நேரம்.

இன்னொரு விஷயம், மூணு சேனல்லயும் ஒரே சம்பவத்த சொல்லாதீங்க. நம்ம ஆளுங்க செய்யற பெரிய தப்பு. மூணு வெவ்வேற சம்பவம் கைல வச்சுக்கிட்டு போங்க, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாருங்க, ஒண்ணு ஒண்ணும் ஒன்றரை நிமிஷத்துக்கு மேல போச்சுன்னா வெட்டிடுவானுங்க.

மூணாவதுஷெட்யூல்:

டபுள்கிரவுன் அண்ணன் சொல்றது ஓகே, ஆனா அண்ணே இப்ப நெலம கொஞ்சம் மாறிடுச்சு. நான் ஒரு சின்ன படம் எடுத்தவன், பேரு சொன்னா உங்களுக்கு தெரியாது, அதான் பிரச்சனையே. நான் பட்ட பாட்ட சொல்றேன், தீப்பெட்டி ப்ரோவுக்கு உபயோகமா இருக்கலாம்.

எங்க படம் ரெண்டு வெளிநாட்டு ஃபெஸ்டிவல் போச்சு. போஸ்டர்ல அந்த இலை மாதிரி வளையம் ரெண்டு போட்டோம். நான் நெனச்சேன் இத பாத்து ஜனம் வரும்னு. ஒரு தியேட்டர் ஓனர் போஸ்டர பாத்துட்டு 'என்ன தம்பி இது, அவார்டு படமா'ன்னு கேட்டாரு, அவர் கேட்ட டோன்லயே தெரிஞ்சு போச்சு காலைக் காட்சி மட்டும்தான்னு. ஃபெஸ்டிவல் மேல எனக்கு கோவம் இல்ல. கூழாங்கல் 2021ல ராட்டர்டாம்ல டைகர் அவார்டே வாங்குச்சு, ஆஸ்கருக்கு இந்தியா சார்பா போச்சு, ஆனா நம்ம ஜனம் அத பாத்தது 2023 அக்டோபர்ல ஓடிடில. ரெண்டரை வருஷம்! அந்த ரேஞ்சு படத்துக்கே இந்த கதின்னா நம்ம எம்மாத்திரம். வளையம் போட்டா பத்திரிகைல ரெண்டு பத்தி வரும், ஓடிடிகாரன் மெயிலுக்கு பதில் போடுவான், டிக்கெட் விக்காது, இது மூணும் வேற வேற.

அப்பறம் இந்த ரிவ்யூ கூத்து. ரிலீசுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒருத்தர் போன் பண்ணி பேக்கேஜ் இருக்குன்னாரு. ரிவ்யூ இவ்வளவு, 'பப்ளிக் ஒப்பீனியன்' இவ்வளவு, ட்விட்டர்ல ட்ரெண்ட் இவ்வளவுன்னு ஹோட்டல் மெனு மாதிரி சொன்னாரு. பப்ளிக் ஒப்பீனியனுக்கு எதுக்குங்க காசுன்னேன், 'பப்ளிக்க நாங்கதான கூட்டிட்டு வரணும்'னாரு!! நான் குடுக்கல, கொள்கையெல்லாம் ஒண்ணும் இல்ல, கைல காசு இல்ல. மொத நாள் ஒரு பெரிய ரிவ்யூவர்கூட எங்க படம் பக்கம் திரும்பல. திட்டியிருந்தாக்கூட நாலு பேருக்கு பேராச்சும் தெரிஞ்சிருக்கும். 2024 டிசம்பர்ல தயாரிப்பாளர் தரப்புலேருந்து ஹைகோர்ட்டுக்கு போனாங்கல்ல, ரிலீஸ் ஆகி மூணு நாளைக்கு ஆன்லைன் விமர்சனமே கூடாதுன்னு, கோர்ட்டு விமர்சனம் பண்றது கருத்துச் சுதந்திரம்னு தடை குடுக்கல. பெரிய படத்துக்காரங்களுக்கு ரிவ்யூ வந்துடுமேன்னு பயம், எங்களுக்கு வராம போயிடுமேன்னு பயம். மூணு நாள் ரிவ்யூ இல்லன்னா எங்க படம் நாலாவது நாள் தியேட்டர்லயே இருக்காது.

எங்களுக்கு கொஞ்சமாச்சும் வேலை செஞ்சது எதுன்னா, படம் எடுத்த ஊர்லயே மொத ஷோ போட்டோம். திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரு. ஊர்க்காரங்க நடிச்சிருந்தாங்க, அவங்க சொந்தக்காரங்க சுத்துப்பட்டு பத்து ஊர்ல இருக்காங்க, அந்த ஒரு தியேட்டர் மட்டும் ரெண்டாவது வாரம் போச்சு. சென்னைல மொத ஷோ எண்ணி பதினாலு பேரு. அதனால ப்ரோ, உங்க நாவல வடபழனில விக்காதீங்க, கோவில்பட்டில வில்லுங்க. அந்த பொம்பளைங்க பேத்திங்க இப்ப காலேஜ் படிக்கும்ல?

தீப்பெட்டிக்காரன்:

அண்ணன் அக்கா எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பாக்கல. கோவில்பட்டில விக்கிறது எனக்கு தோணவே இல்ல பாருங்க, அசிங்கமா இருக்கு. அங்க எங்களுக்குன்னு ஒரு கணக்கு இருக்கு, எழுத்தாளர் கி.ரா.வுக்கு ஊரு இடைசெவல், எழுத்தாளர் பூமணிக்கு எங்க பக்கத்து ஊரு, அவங்க எழுதுன மண்ணுல போயி என் புக்க நீட்டணும்னா கொஞ்சம் கூச்சம்தான். பூமணி சாரோட வெக்கை நாவல் 1982ல வந்துச்சு, அத வச்சு எடுத்த அசுரன் படம் வந்தது 2019ல. நான் காலேஜ் படிக்கும்போது அந்த நாவல லைப்ரரில எடுத்தவன் எங்க வகுப்புலயே நான் ஒருத்தன்தான், படம் வந்தப்பறம் எங்க தெருவுல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கவரு கேக்குறாரு 'வெக்கை இருக்கா உன்கிட்ட'ன்னு. முப்பத்தேழு வருஷம்! அப்ப ஒரு படம் வந்தாத்தான் புக்கு போகுமா? அப்படின்னா நான் படத்துக்குள்ளயே இருக்கேனே, அத விட்டுட்டு என்ன கூச்சம்னு ஒரு மனசு சொல்லுது.

ஃபாரம்பதினாறு:

படம் வந்தா போகும், உண்மைதான், பொன்னியின் செல்வன் 2022ல படமா வந்தப்ப அடுத்த ஜனவரி கண்காட்சில எந்தப் பக்கம் திரும்புனாலும் அஞ்சு பாகம் கட்டுகட்டா அடுக்கியிருந்துச்சு, கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனதால யார் வேணா அடிக்கலாம்ல, அவனவன் ஒரு எடிஷன் போட்டான். ஆனா தம்பி அந்தக் கதை ஒண்ணும் படத்துக்காகக் காத்துக்கிட்டு இருக்கல. 1950லேருந்து வாராவாரம் கல்கி பத்திரிகைல மணியம் வரைஞ்ச படத்தோட வந்து மூணு தலைமுறை பைண்டு பண்ணி வச்சு படிச்சது. வெக்கையும் அப்படித்தான், முப்பத்தேழு வருஷமும் யாரோ ஒருத்தர் படிச்சு அடுத்தவர்கிட்ட குடுத்துக்கிட்டே இருந்ததாலதான் அது வெற்றிமாறன் கைக்குப் போச்சு. யாரும் படிக்காம அலமாரில இருந்திருந்தா எப்படிப் போகும்? படம் வர்றவரைக்கும் புக்க உயிரோட வச்சிருக்கிறது அந்த 61 பேரு மாதிரி ஆளுங்கதான்.

கூச்சத்தப் பத்தி: சி.சு.செல்லப்பா தெரியும்ல, வாடிவாசல் எழுதுனவரு. அவரு சொந்தமா எழுத்து பிரசுரம்னு போட்டு, புக்க கட்டி தோள்ல சுமந்துக்கிட்டு காலேஜ் காலேஜா ஏறி இறங்கி வித்தாரு. நம்ம இலக்கியத்துல அவரவிட கறாரான ஆள் கெடையாது, அவருக்கே சுமக்கறதுல கூச்சம் இல்ல. உங்களுக்கு என்ன? எட்டயபுரம் ரோட்ல இருக்க காலேஜுக்கு பஸ் ஏறுங்க.

அட்டைப்படம்:

நடுவுல வந்துக்கிறேன். நான் புக் கவரும் சின்ன படங்களுக்கு போஸ்டரும் பண்றவ. எல்லாரும் விளம்பரம் விளம்பரம்ங்கிறீங்க, மொத விளம்பரமே அட்டைதான், அது பண்ணவங்க பேர யாராச்சும் சொல்றீங்களா? போன வருஷம் நான் பண்ண ஒரு கவர எழுத்தாளரு ஷேர் பண்ணி 'என் குழந்தை'ன்னு போட்டாரு. 400 லைக். என் பேரு உள்பக்கத்துல ஐஎஸ்பிஎன்ங்கிற புக்கு நம்பருக்கு கீழ எறும்பு சைஸ்ல இருக்கு. டேக் பண்ணுங்க சார்னு கேட்டா 'அது கமர்ஷியலா தெரியும்'ங்கிறாரு. உங்க புக்கு கமர்ஷியலா விக்கணும், என் பேரு மட்டும் கமர்ஷியலா?

தீப்பெட்டிக்காரன் உங்களுக்கு ஒரு யோசனை, காசு செலவில்லாதது. உங்க வசனமோ நாவல் வரியோ எடுத்து அழகா ஒரு கார்டு போடறதெல்லாம் எல்லாரும் பண்றாங்க, யாரும் படிக்கிறதில்ல. உங்க ஊர் தீப்பெட்டி லேபிள்கள் இருக்கும்ல பழசு, மயில், சாவி, கப்பல்னு, சிவகாசில அடிச்சது, அது ஒண்ணொண்ணா போட்டோ எடுத்து கீழ அந்த லேபிள் ஒட்டுனவங்க சொன்ன ஒரு விஷயத்த மட்டும் போடுங்க. புக்கப் பத்தி ஒரு வார்த்தை வேணாம். லேபிள் சேக்கறவங்க ஒரு கூட்டமே இருக்கு, அவங்க புக்கு படிக்கிறவங்களான்னு கேக்காதீங்க, அவங்களே வருவாங்க. ஐஎஸ்பிஎன்னு சொன்னதும் ஞாபகம் வருது, அத வாங்கித் தர்றேன்னு என் தோழிகிட்ட ஒரு ஆளு மூவாயிரம் வாங்கிட்டான். அது இலவசம்ங்க, ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி வெப்சைட்ல நம்மளே போட்டு வாங்கலாம், தயவுசெஞ்சு யாரும் காசு குடுக்காதீங்க.

டபுள்கிரவுன்:

அந்த அம்மா கேக்கறது ஞாயம். எங்க காலத்துல மவுன்ட் ரோட்ல அம்பதடி கட்அவுட் வரைஞ்சவங்க பேரு எத்தன பேருக்கு தெரியும்? சாரத்துல நின்னு கட்டம் போட்டு மூக்கு மட்டும் ஆறடி வரைவான், கீழ இருந்து பாத்தா அப்படியே சிவாஜி. நாலு வாரம் கழிச்சு அதுமேலயே வெள்ளையடிச்சு அடுத்த படம். ஃப்ளெக்ஸ் வந்து அந்த தொழிலயே முடிச்சிருச்சு, அப்பறம் 2019ல பள்ளிக்கரணைல பேனர் விழுந்து ஒரு பொண்ணு செத்தப்பறம் நடிகருங்களே பேனர் வேணாம்னு சொன்னாங்க. அது சரியான முடிவுதான். ஆனா கைல வரைஞ்ச ஒரு பேனர்கூட மிச்சம் இல்லாம போச்சேன்னு எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. சரி நான் வேற எங்கேயோ போறேன். தம்பி பேட்டி என்னாச்சு?

தீப்பெட்டிக்காரன்:

முடிஞ்சுது அண்ணே, நேத்து ஒரே நாள்ல மூணும் எடுத்துட்டாங்க, படமும் நாளன்னிக்கு வருது. மொத சேனல்ல நீங்க சொன்ன அதே நாலு கேள்வி, வரிசைகூட மாறல, எனக்கு சிரிப்பு வந்து டைரக்டர் கால மிதிச்சாரு. நாலாவதுக்கு அம்மா சொல்லுவாங்களே அந்த டப்பி கணக்கு, ராத்திரி விரல்ல மருந்து போகலன்னு தேங்காண்ணெய் தடவிக்கிட்டே பக்கத்து வீட்டு அக்காகூட சண்ட போடறது, அந்த சண்டைலேருந்து ஒரு வரிய படத்துல மாமியார் கேரக்டருக்கு வச்சேன்னு சொன்னேன். நிறுத்தினேன். அந்தப் பொண்ணு 'சூப்பர் சார், இப்ப ரேப்பிட் ஃபயர் போகலாமா'ன்னுச்சு. பிடிச்ச நடிகர், பிடிச்ச பிரியாணி. ரெண்டாவது சேனல்லயும் கேக்கல. மூணாவதுல ஒரு பையன் கேட்டான், 'இத எங்கயாச்சும் எழுதியிருக்கீங்களா'ன்னு அட்சரம் பிசகாம அதே வார்த்தை. நான் டைரக்டர பாத்தேன், அவரு மேல பாத்தாரு. சொன்னேன், புக்கு பேரு, பதிப்பகம், எல்லாம். ரொம்ப நிறைவா இருந்துச்சு.

இன்னிக்கு காலைல வீடியோ வந்துச்சு. நாப்பது நிமிஷம் எடுத்தத பதினோரு நிமிஷமா வெட்டியிருக்காங்க. புக்கு போச்சு. அம்மா கதைல பாதி இருக்கு. தலைப்பு 'அந்த ஹீரோ செட்ல இப்படியா?'. நான் ஹீரோவப் பத்தி பேசவே இல்ல, அவரு ரொம்ப நல்ல மனுஷன்னு ஒரு வரி சொன்னேன், அதத்தான் இப்படி போட்டிருக்கான்.

ஆனா ஒண்ணு. ஷூட் முடிஞ்சு மைக் கழட்டும்போது கேமரா போட்ட தம்பி பின்னாடியே வந்தான், சாத்தூராம், அவன் பாட்டி இதே வேலையாம், அந்த தேங்காண்ணெய் விஷயத்த கேட்டுட்டு அவனுக்கு என்னவோ போல ஆயிடுச்சுன்னான். பைல ஒரு காப்பி வச்சிருந்தேன், எடுத்துக் குடுத்தேன். ராத்திரி ஒன்றரை மணிக்கு மெசேஜ், 84ஆவது பக்கம் போட்டோ எடுத்து அனுப்பி 'இது எங்க பாட்டிதான் சார்'னு. எனக்கு அதுக்கப்பறம் தூக்கமே வரல.

அடுத்த வாரம் ஊருக்குப் போறேன், முப்பது காப்பி எடுத்துக்கிட்டு. ரெண்டு காலேஜ்ல பேசியிருக்கேன். லேபிளும் தேடணும், சித்தி வீட்டு பரண்ல இருக்காம்.

ஃபாரம்பதினாறு:

எல்லாம் சரி. அந்த கேமரா தம்பிகிட்ட காசு வாங்குனீங்களா?

தீப்பெட்டிக்காரன்:

அக்கா அது வந்து…

ஃபாரம்பதினாறு:

அப்ப அத 62னு எழுதாதீங்க. 61தான்.